கல்லு யாராண்ட?

வில்லியனூரில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. மூன்று பேர், நான்கு கம்ப்யூட்டர்கள், அவற்றில் ஒன்று செத்துப்போனது. கீழே சரக்கு இறக்கும் நாட்களில் பூச்சிமருந்து நெடி மாடிவரை ஏறி வந்து கண்ணைக் கரிக்கும்.

நெல் மில்களுக்கும் லாரி எடை மேடைகளுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. லாரி மேடையில் ஏறும், எடை பதிவாகும், ஈரத்துக்கும் பதருக்கும் கழிவு போகும், ஒரு சீட்டு அச்சாகி வெளியே வரும். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற விவசாயிக்கு அதன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பாகூர்ப் பக்கம் எந்த மில்லுக்குப் போனாலும் எங்கள் சீட்டுதான் என்று நாங்கள் பெருமை பேசிக்கொள்வோம். அதில் கொஞ்சம் புளுகும் உண்டு.

எழுதுகிறவர்கள் இரண்டு பேர், நானும் அக்காவும். மூன்றாமவர் திருக்கனூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மில்களுக்குப் போய் மெஷினில் ஏற்றிக் கொடுத்து, அவர்கள் திட்டுகிற திட்டை வாங்கிக்கொண்டு வருவது அவர் வேலை. முதலாளி பாண்டி டவுனில் இருந்தார். அவருக்கு வேறு தொழில்களும் உண்டு. நினைத்தால் வருவார், பெரும்பாலும் நினைக்க மாட்டார்.

அக்கா சொந்த அக்கா இல்லை. என்னைவிட வயதில் மூத்தவர், எனக்கு முன்பே அந்த மாடிக்கு வந்தவர், அவ்வளவுதான். மாதா கோயில் தெருவுக்குப் பின்னால் வீடு. அவர் கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மெல்ல முடியாது, கஞ்சிதான். அதையும் அக்கா கையால் ஊட்டினால்தான் வாயைத் திறப்பார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை முயன்றதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாராம். அதனால் தினமும் மதியம் அக்கா நடந்தே வீட்டுக்குப் போய் ஊட்டிவிட்டு வருவார். டவுனில் நல்ல சம்பளத்துக்கு இரண்டு இடத்தில் கூப்பிட்டும் போகவில்லை.

"எனக்கு வேலைன்னா இந்த மாடிதாம்பா. இதுக்கு அந்தாண்ட என்னால போவ முடியாது" என்பார். சலிப்பாகச் சொல்ல மாட்டார். ஊர் எல்லையைச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொல்வார்.

எங்கள் புரோகிராம் முழுவதும் நடுவிலிருந்த ஒரே கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் கிடந்தது. மற்ற இரண்டிலிருந்தும் அதைத் திறந்து மாற்றலாம். இரண்டு பேர் ஒரே சமயத்தில் மாற்றினால்தான் வினை. கடைசியாகச் சேமித்தவருடைய வேலை நிற்கும், மற்றவருடையது மண்ணாய்ப் போகும். ஆரம்பத்தில் அப்படிப் போய், நானும் அக்காவும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. அதற்குப் பிறகுதான் கல் வந்தது.

அது ஒரு அரைக்கிலோ இரும்பு எடைக்கல். எலக்ட்ரானிக் தராசு வாங்கிய மில் ஒன்றில் மூலையில் கிடந்ததைத் திருக்கனூர்க்காரர் எடுத்து வந்திருந்தார், ஃபேன் காற்றில் காகிதம் பறக்காமல் வைப்பதற்காக. அதை வைத்துச் சட்டம் போட்டது அக்கா. கல் யார் மேஜையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் புரோகிராமில் கை வைக்கலாம். வேலை முடிந்ததும் "முடிச்சிட்டேன், எட்த்துக்கோ" என்று சொல்லி அடுத்தவர் மேஜையில் வைக்க வேண்டும். பாதியில் வீட்டுக்குப் போனால் கல்லும் பையோடு போகும். மற்றவர்கள் படிக்கலாம், போன் பேசலாம், டீ குடிக்கலாம், எழுதக் கூடாது. மாடிப்படி ஏறி வருகிறவர் வாயில் முதலில் வருவது "கல்லு யாராண்ட?" என்பதுதான். சாப்பிட்டாயா என்று கேட்பதெல்லாம் அதற்கப்புறம்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கே இருந்தது. ஆனால் கல் வந்தபின் எங்களில் யாருடைய வேலையும் அழிந்ததில்லை.

நாங்கள் எழுதிக்கொண்டிருந்த பழைய மொழியை அதைப் பெற்றவர்களே கைகழுவி வெகுகாலம் ஆகியிருந்தது. மில்களில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் எங்கள் புரோகிராம் அதில் ஏற அடம் பிடிக்கும். மில்காரர்களும் செல்லில் பார்க்க முடியுமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். முடியாது என்று சொல்லிச் சொல்லித் திருக்கனூர்க்காரருக்கு வாய் வலித்தது. ஒருநாள் முதலாளி வந்தார்.

"எல்லாத்தயும் புதுசுக்கு மாத்திடுங்க. செல்லுல தெரியணும். இல்லன்னா இதுல ஒண்ணும் இல்ல, கடைய மூடிட வேண்டிதுதான்."

"மெஷின் பத்தாது சார்" என்றேன்.

"மொதல்ல வேலைய காட்டுப்பா. மெஷின அப்புறம் பாக்கலாம்."

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை. நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். முதலாளி படியிறங்கிப் போனபிறகு அக்கா கல்லை என் மேஜையில் வைத்தார். "மூட உடக் கூடாதுபா. இன்னா படிக்கணும்னு சொல்லு, படிக்கிறேன்."

அன்றிலிருந்து எங்களைச் சனி பிடித்தது. புதிய மொழி, புதிய எடிட்டர், அதற்குக் கீழே ஓட வேண்டிய இன்னும் நாலைந்து சாமான்கள். ஒவ்வொன்றும் எங்கள் மெஷினின் மொத்த மெமரியையும் தனக்கே கேட்டது. செத்த கம்ப்யூட்டரின் மெமரியைப் பிடுங்கி உயிரோடு இருப்பதில் சொருகினோம். விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கிற இலேசான லினக்ஸைப் போட்டோம். எடிட்டரைத் திறந்தால் பிரவுசர் உறையும், பிரவுசரைத் திறந்தால் எடிட்டர் போகும். உள்ளே இருக்கிற விசிறி போடுகிற சத்தத்துக்கு நெல் மில்லே தோற்கும். கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து. யூபிஎஸ் ஒன்றுதான், அது நடு மெஷினுக்கு மட்டும்.

பாட வீடியோவையும் எடிட்டரையும் ஒரே கம்ப்யூட்டர் தாங்காது என்பதால் அக்கா வீடியோவைத் தன் செல்லில் போட்டு, செல்லைக் கல்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு படித்தார். அந்த வீடியோக்காரன் பத்து விநாடியில் செய்து காட்டுவதை எங்கள் மெஷின் செய்து முடிக்கும்வரை அவனை நிறுத்தி வைத்திருப்பார். "நீ கொஞ்சம் நில்லுப்பா ராசா, நாங்க ஏழைங்க" என்று செல்லைப் பார்த்துச் சொல்வார்.

எழுதியதைத் தொகுத்து ஓடவிட ஒருமுறை பட்டனைத் தட்டினால் அது முடிய வெகுநேரம் ஆகும். எனக்கு எரிச்சலில் தலை வெடிக்கும். மேஜையைத் தட்டியிருக்கிறேன், ஒருமுறை கீபோர்டையும். அக்கா மட்டும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மதியம் பட்டனைத் தட்டிவிட்டுக் குடையை எடுப்பார்.

"இது தொறக்கறதுக்குள்ள நான் போயி அவருக்குக் கஞ்சி குட்த்துட்டு வந்துட்றேன். பாத்துக்கோ."

போய், ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, புரட்டிப் படுக்கவைத்துத் திரும்பி வரும்போது மெஷின் சரியாக முடித்திருக்கும். அவசரமாக ஊட்டினால் அவருக்குப் புரையேறும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அந்த மாதங்களில் புரையேறவே இல்லையாம். மெஷினின் மெத்தனத்தால் உலகத்தில் ஒருவருக்காவது நன்மை நடந்தது.

ஆனால் அந்த வேகத்தில் போனால் அடுத்த அறுவடைக்கும் முடியாது என்பது தெரிந்தது. முதலாளி போனில் கேட்கும் குரல் வரவரத் தணிந்துகொண்டே வந்தது. அவர் கத்தினால் பயமில்லை, தணிந்தால்தான் பயம். அப்போது எனக்கு ஒரு வழி தோன்றியது. வெளியூரில் எங்கோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டரில் ஒரு மூலையை மாத வாடகைக்கு எடுத்து, எல்லாச் சாமானையும் அங்கே போட்டு ஓடவிடுவது. எங்கள் கிழட்டு மெஷின்கள் வெறும் ஜன்னலாக இருந்தால் போதும். கண்ணாடி வழியாக அங்கே நடப்பதைப் பார்க்கலாம், கையைவிட்டு எழுதலாம். வாடகை எங்கள் டீச்செலவைவிடக் குறைவு என்றதும் முதலாளி சரி என்றார்.

அந்த மூலையும் சின்ன மூலைதான். ஆளுக்கொரு இடம் பிரித்துக் கொடுத்தால் அதுவும் மூச்சுத் திணறும். அதனால் மூன்று பேருக்கும் ஒரே லாகின், ஒரே இடம். வாடகை கட்டுகிறவர் என்று முதலாளிக்கும் அந்த லாகினைக் கொடுத்து வைத்தேன். புதிய முறையில் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு, பிறகு சேர்க்க வேண்டும். பாடத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். நாங்கள் அதைப் படித்துவிட்டு, நமக்குத்தான் கல் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டோம்.

முதல் நாள் அக்கா எடிட்டரைத் திறந்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. பட்டனைத் தட்டினார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவதற்குள் முடிந்துவிட்டது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாபா இது. இனிமே கஞ்சி குடுக்க சாக்கு ஏது எனக்கு?"

சிரித்தோம். திருக்கனூர்க்காரர் கீழே போய் பஜ்ஜி வாங்கி வந்தார். அந்த மாடியில் நாங்கள் மூவரும் ஒன்றாகச் சந்தோஷமாக இருந்த கடைசி நாள் என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

அதன்பின் வேலை ஓடியது. ஒவ்வொரு திரையாகப் புதுசுக்கு வந்தது. பாகூரில் ஒரு மில்காரர் தன் கட்டிலில் படுத்தபடி செல்லில் எடை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டபோது கர்வமாகக்கூட இருந்தது. மிஞ்சியது ஈரநெல் கழிவுத் திரை. மழைக்காலத்தில் நனைந்து வருகிற நெல்லுக்கு ஒவ்வொரு மில்லும் ஒவ்வொரு விதமாகக் கழிக்கும். அதனால் அதுதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. தீபாவளி கழிந்ததும் அக்கா கல்லை எடுத்துத் தன் மேஜையில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார். சிறுகச் சிறுக எழுதினார். மாற்றங்களைப் பதிவேற்றிப் பத்திரப்படுத்துகிற வசதி புதிய முறையில் உண்டு. ஆனால் அக்காவுக்கு ஒரு பிடிவாதம், முடியாத வேலையை உள்ளே சேர்க்க மாட்டார். வேகாத சோற்றை இலையில் போடுவதா என்பார். கல்தான் தன்னிடம் இருக்கிறதே, யார் தொடப்போகிறார்கள்.

பிறகு புயல் வந்தது. வருகிற புயல்தான், வழக்கமாக வருவது. ஆனால் இந்த முறை ஊர்மேல் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. அன்று மதியமே உரக்கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டு எங்களையும் கிளம்பச் சொன்னார். அக்கா கல்லைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். கனத்தால் பை ஒரு பக்கம் தொங்கியது. "இத வேற இன்னாத்துக்கு தூக்கிகினு போறீங்க, மழைல" என்று திருக்கனூர்க்காரர் கேட்டார். "பாதில இருக்குதுபா" என்றார் அக்கா.

சங்கராபரணி ஆற்றில் தண்ணீர் கரைதொட்டு ஓடியது. தெருவில் முழங்காலளவு நின்றது. கரண்ட் இல்லை, பிறகு செல்லில் டவரும் இல்லை. அக்கா வீட்டுக்குள் தண்ணீர் வந்து, கணவரைக் கட்டிலோடு பெஞ்சுமேல் ஏற்றி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றிருந்தாராம். எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று எங்கள் தெருவில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள்.

கரண்ட் வந்த அன்று நானும் அக்காவும் மாடிக்குப் போனோம். பால்கனிப் பக்கத்துச் சுவர் ஊறியிருந்தது, மெஷின்கள் தப்பித்திருந்தன. அக்கா கல்லைச் சுற்றியிருந்த பையைப் பிரித்து, முந்தானையால் துடைத்து, மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். திறந்தார். மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"என்னுது காணம்பா."

எட்டிப் பார்த்தேன். ஈரநெல் திரை இருந்தது. ஆனால் அது அக்கா எழுதியது இல்லை. வேறு யாரோ வேறு விதமாக எழுதி, முடித்து, பதிவேற்றி, மில்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். அக்காவின் சேர்க்காத வேலையை, யாரோ விட்டுப்போன குப்பை என்று நினைத்துத் துடைத்துவிட்டுத் தொடங்கியிருக்கிறார்கள். சேர்க்காததை மீட்க வழியில்லை. தெரிந்தும் அங்கே இங்கே தேடினேன்.

"கல்லு என்னாண்டதானேபா இருந்துது?" என்றார் அக்கா. மறுபடி அதையே கேட்டார்.

முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் குரலில் அவ்வளவு உற்சாகத்தை நான் கேட்டதே இல்லை. "மில்லுக்காரங்க போன் மேல போன்பா. நெல்லு நனஞ்சி நிக்குது, ஈரக்கழிவு போட முடியலன்னு. உங்கள புடிக்க முடியல. சென்னையில என் மச்சான் பையன் இருக்கான் இல்ல, அவனும் அவன் ஃப்ரெண்டும் உக்காந்து முடிச்சி குட்த்துட்டாங்க. நீ குடுத்த லாகின்தான். ஆபீஸ் இருட்டுல கெடக்குது, ஆனா ஒண்ணும் நிக்கல பாத்தியா?"

பார்த்தேன். அந்த நிமிடமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜன்னல் வழியாக நாங்கள் மட்டும்தான் கையை நுழைக்கலாம் என்று சட்டமில்லை. எந்த ஊரிலும் ஜன்னல் வைக்கலாம்.

அடுத்த வாரம் முதலாளி நேரில் வந்தார். மாடிக்கு வாடகை எதற்கு என்றார். திருக்கனூர்க்காரர் மில்களுக்குப் போய்வந்தால் போதும், அவர் வீட்டிலிருந்தே கிளம்பலாம். நான் என் வீட்டில் உட்கார்ந்து சென்னைக்காரர்களோடு சேர்ந்து எழுதலாம்.

"உனக்குப் புது மெஷின் வாங்கித் தரேன்" என்றார். கேட்டுக் கேட்டு அலுத்த மெஷின் அப்படித்தான் வந்தது.

"அக்காவும் வூட்லேர்ந்து பாக்கலாம் சார். அவங்களுக்கு அதுதான் வசதி."

"முடியாதுபா அந்தம்மாவால. அரைவாசி வேலைய அப்பிடியே வச்சிட்டு ஆளு காணம். போனும் எடுக்கல."

"டவர் இல்ல சார். ஊருல யாருக்குமே இல்ல."

"தெரியும்பா" என்றார், அதே தணிந்த குரலில். "சென்னையில இருந்துது இல்ல?"

நான் கத்தினேன். உரக்கடையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அப்படியென்றால் நானும் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தபோது அக்கா குறுக்கே வந்து, "சார், நீங்க கெளம்புங்க, நான் சொல்லிக்கிறேன்" என்று அவரை அனுப்பிவைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நீயும் உட்டுட்டு இன்னா பண்ணப் போற? ரெண்டு வூட்லயும் அடுப்பு அணையணுமா?"

எனக்கு அழுகை வந்தது. ஆத்திரம்தான் அப்படி வந்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். மாடியை மூட விடக்கூடாது என்று இரண்டு பேரும் பாடுபட்டோம். அந்தப் பாடு பலித்ததால்தான் மாடி மூடியது. இதில் யாரைத் திட்டுவது என்று யோசித்து யோசித்து எனக்குக் கிடைக்கவில்லை. முதலாளியைத் திட்டலாம், திட்டிக்கொண்டும் இருக்கிறேன்.

மாதம் முடியும்வரை அக்கா வந்தார். வந்து ஈரநெல் திரையை மறுபடி முதலிலிருந்து எழுதினார். சென்னைக்காரர்கள் எழுதியது மில்களில் ஓடிக்கொண்டிருக்கிறது, இது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"பாதில வுட்டா உறுத்தும்பா" என்றார். "எனக்குத்தான். அவுங்களுக்கு இல்ல."

கடைசி நாள் பழைய சாமான்காரர் வந்து மற்ற இரண்டு மெஷின்களையும் செத்ததையும் கட்டி எடுத்துக்கொண்டு போனார். நடு மெஷின் மட்டும் மிச்சம், அக்கா அதில் இருந்தார். மதியத்துக்குக் கொஞ்சம் முன்பு எல்லாவற்றையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. உள்ளே சேர்த்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, என் மேஜையும் போய்விட்டிருந்ததால் கல்லை என் கையில் கொடுத்தார்.

"முடிச்சிட்டேன், எட்த்துக்கோ."

குடையை எடுத்துக்கொண்டு கஞ்சி கொடுக்கப் போனார். எப்போதும் போகிற மாதிரிதான் போனார்.

புது மெஷின் என் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று காலை திறந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, சத்தமே இல்லை. சென்னைக்காரர்கள் முந்தின நாள் செய்த மாற்றங்களைப் படித்தேன். அக்காவின் திரையை எடுத்திருந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒரே வேலைக்கு இரண்டு திரை இருந்தது, எது ஓடவில்லையோ அதை எடுத்தார்கள். "பயனில்லாதது, நீக்கப்பட்டது" என்கிற அர்த்தத்தில் ஒரு வரிக் குறிப்பு. அவர்கள் அதை எழுதியபோதும் கல் என் மேஜையில்தான் இருந்தது.

அக்கா வேலைக்கு அங்கே இங்கே கேட்டுக்கொண்டிருக்கிறார். நடக்கிற தூரத்தில் கம்ப்யூட்டர் வேலை எதுவும் இல்லை. ஒரு ஜெராக்ஸ் கடையில் காலையில் மட்டும் உட்காருவதாகத் திருக்கனூர்க்காரர் சொன்னார். அடுத்த மழைக்காலம் தொடங்கியபிறகு ஒருநாள் அக்காவைக் கடைத்தெருவில் பார்த்தேன். கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அப்படியேதான் என்றார். பிறகு அவரே கேட்டார்.

"நெல்லு நனஞ்சி வருதே, என் ஸ்கிரீன் ஓடுதா?"

"ஓடுதுக்கா" என்றேன்.

"கல்லு யாராண்ட?"

"என்னாண்டதான் இருக்குது."

"அப்ப சரி, யாரும் கை வைக்க மாட்டாங்க" என்றார். கஞ்சிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.